அத்தியாயம் 6: எந்தக் கோழி வாசலைத் தாண்டலாம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய் நில்லுங்கள். வாங்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். வியாபாரியின் கையை மட்டும் பாருங்கள். கூடையிலிருந்து கோழியை எடுத்ததும் அவர் கட்டைவிரல் நேராக நெஞ்செலும்புக்குப் போகும். எலும்பு கத்திமுனை போலத் துருத்தினால் கோழி மெலிவு; இருபுறமும் சதை ஏறியிருந்தால் தேறியது. அடுத்து வால்பக்கத்து இறகை ஊதி விலக்கி, ஆசனவாயில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். அலகைத் திறந்து வாயை ஒருமுறை மோந்து பார்ப்பார். கடைசியில் தரையில் விட்டு நாலு அடி நடக்க வைப்பார். இத்தனைக்கும் அரை நிமிஷம்கூட ஆகாது.

பத்துக் கோழி கொண்டுவந்த அம்மாவிடம் அவர் ஆறு கோழி எடுத்துக்கொள்வார். அந்த ஆறும் கூடையிலேயே நல்ல ஆறு. மிச்ச நாலும் வீடு திரும்பும். அடுத்த வருஷம் அடையில் உட்காரப் போவது அந்த நாலுதான். இப்படிப் பத்து வருஷம் போனால் ஒரு ஊரின் கோழி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டுக்கோழி சிறுத்துப்போச்சு, குஞ்சு தேறுவதில்லை என்று எல்லாரும் சொல்கிறோம். பாதிக் காரணம் சீக்கு. மறுபாதி, நல்லதையெல்லாம் நாமே விற்றுத் தீர்த்தது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் பாடம் ஒன்றுதான். விற்கலாமா, எவ்வளவுக்கு விற்கலாம் என்ற கேள்விகளுக்கு முன்னால், எந்தக் கோழி வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வளர்ப்பு, கண்காட்சி, விற்பனை எல்லாம் அதற்குப் பிறகு.

எதை வளர்ப்பது

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரண்டு சீதோஷ்ணம் இருக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மார்கழிக் குளிர் குஞ்சுகளைக் கொல்லும். மலை இறங்கி கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை போனால் சித்திரை வெயில் தாய்க்கோழியையே சாய்க்கும். இரண்டு இடத்துக்கும் ஒத்துவருவது சிறுவிடை. பெட்டை ஒன்றேகால் கிலோவுக்கு முன்பின் இருக்கும். ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையிடும், அடை உட்காரும், பருந்து வந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். வெயில் பக்கத்தில் இருப்பவர்கள் கழுத்தில் இறகில்லாத கோழியையும் சேர்த்துக்கொள்ளலாம். கழுத்து வெறுமையாக இருப்பதால் உடம்புச் சூடு சீக்கிரம் தணியும்.

பெருவிடை என்று நாம் சொல்வது அசீல் வழி வந்தது. கால் உயரம், கழுத்து நீளம், எலும்பு கனம். முட்டை குறைவு, வளர்ச்சியும் மெதுவு. சேவல் உருப்பெற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். கண்காட்சிக்குப் போகும் கிளிமூக்கு விசிறிவால் சேவலும் இந்த வம்சம்தான். எல்லைக்கு அந்தப்பக்கம், கோலார் மாவட்டத்திலும் அதை ஒட்டிய ஆந்திரப் பகுதியிலும் காகஸ் என்ற நாட்டினம் இருக்கிறது. வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊர்களில் உள்ளவர்கள் வெளியூருக்கு அலைவதற்கு முன்னால் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கருங்கோழி என்று விற்கும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் சொத்து. 2018-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. இங்கேயும் நன்றாக வளரும். ஆனால் அது நம் ஊர்ப் பழைய இனம் அல்ல என்பதை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் கிரிராஜா, ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா போன்றவை உருவாக்கப்பட்ட கலப்பினங்கள். சீக்கிரம் எடை போடும், முட்டையும் அதிகம். கெட்ட கோழிகள் அல்ல. ஆனால் அடை உட்காருவது அரிது. அவற்றின் முட்டையைப் பொரிக்கவைத்தால் குஞ்சுகள் பெற்றவர்களைப் போல ஒரே சீராக வராது. ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கியே தீரவேண்டும். வம்சம் காக்க நினைப்பவருக்கு அது வழியல்ல.

அமெரிக்காவில் பாரம்பரியக் கோழி என்று சொல்லி விற்க, அங்குள்ள இனப் பாதுகாப்பு அமைப்பு ஒரு வரையறை வைத்திருக்கிறது. இயற்கையாகச் சேவல் அணைந்து பெருக வேண்டும்; விற்பனை எடைக்கு வர 16 வாரமாவது ஆக வேண்டும்; பெட்டை 5 முதல் 7 வருஷம் பயன்பட வேண்டும். நம் சிறுவிடை இந்த மூன்றையும் யாரும் எழுதிவைக்காமலே செய்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். ஓசூரைச் சுற்றிக் கொட்டகை கொட்டகையாக வளரும் பிராய்லர் இருக்கிறதே, அதன் தந்தை வழியில் இங்கிலாந்தின் கார்னிஷ் இனம் உண்டு. அந்தக் கார்னிஷை உருவாக்கியது இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன அசீலின் இரத்தத்தில். உலகமே சாப்பிடும் கோழியின் நெஞ்சுச் சதைக்கு மூலம் நம் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. அதைத்தான் நாம் சந்தையில் எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தொடங்குவதற்கு எட்டுப் பெட்டை, ஒரு சேவல் போதும். பெருவிடை என்றால் ஒரு சேவலுக்கு நாலைந்து பெட்டைதான். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வாங்காதீர்கள். மூன்று ஊரில் வாங்குங்கள். பெட்டையை வாங்கும்போது நிறம் பார்ப்பதைவிட, "போன ஈட்டுல எத்தனை குஞ்சு எறக்குச்சு, எத்தனை தேறுச்சுக்கா?" என்று அந்த வீட்டு அக்காவிடம் கேளுங்கள். பன்னிரண்டில் பத்து இறக்கி ஏழு தேற்றிய தாயின் வெடைக்கோழி கிடைத்தால் விலை பேசாமல் வாங்கலாம்.

அரசு வழியிலும் குஞ்சு கிடைக்க வாய்ப்புண்டு. மத்திகிரியில் இருக்கும் ஓசூர் மாவட்டக் கால்நடைப் பண்ணை 1824-இல் குதிரை வளர்ப்புக்காகத் தொடங்கியது. 1,600 ஏக்கருக்கு மேல் பரப்பு. கால்நடை பராமரிப்புத் துறையின் 250 கோழி நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தில் 50 சதவீத மானியமும், இந்தப் பண்ணையிலிருந்து நான்கு வாரக் குஞ்சுகளும் என்று அறிவிப்புகள் வந்திருக்கின்றன. நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். அதே மத்திகிரியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. பக்கத்திலேயே இப்படி ஒரு படிப்பிடம் இருக்கும்போது சந்தேகத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு கோழியைச் சாகவிடுவானேன்?

அடையும் குஞ்சும்

முட்டையை ஏழு நாளுக்கு மேல் சேர்த்துவைக்காதீர்கள். கூர்முனை கீழே இருக்க, நிழலான இடத்தில் மண்சட்டியில் வைத்து, எடுத்த தேதியைப் பென்சிலால் ஓட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். ஒரு சிறுவிடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் கூமுட்டை; எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் குஞ்சு இறங்கும்.

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாய் இல்லை, நீங்கள்தான் தாய். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறையுங்கள். குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் பல்பு. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குமிந்து கத்தினால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. தளிப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் பொரிப்பவர்கள் இந்தக் கணக்கோடு இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும்.

தீவனத்தில் நம் வட்டாரத்துக்குக் குறையே இல்லை. களத்து ராகி, கம்பு, தவிடு இருக்கிறது. முதல் எட்டு வாரம் மட்டும் குஞ்சுத் தீவனத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். புரதம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அதன் பிறகு மேய்ச்சலும் தானியமும் பாதிக்கு மேல் தாங்கும். பழைய பானையில் சாணம், கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த தட்டு போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் புரட்டினால் பானை நிறையக் கரையான். குஞ்சுகள் அதற்கு ஓடிவரும் ஓட்டத்தைப் பார்க்கவே விடிகாலையில் எழுந்திருக்கலாம். மல்பெரி போடும் ஊர்களில், பட்டு நூற்கும் இடத்திலிருந்து கூட்டுப்புழு வாங்கிக் காயவைத்துக் கொடுக்கலாம். நல்ல புரதம். ஆனால் கொஞ்சமாகக் கலக்குங்கள். விற்பதற்கு இரண்டு வாரம் முன்னால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் கறியிலும் முட்டையிலும் அந்த வாடை ஏறும்.

வெள்ளைக்கழிச்சல்

சில வருஷங்களுக்கு முன்னால், பங்குனியில், ஒரு சந்தையில் அழகான செவலைச் சேவல் ஒன்றைப் பார்த்தேன். மயில் போல நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து அன்று சாயங்காலமே என் பெட்டைகளோடு விட்டுவிட்டேன். நாலாம் நாள் ஒரு வெடைக்கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். பத்து நாளில் 42 கோழியில் மிஞ்சியது 5. சேவலும் போனது. செத்தவற்றில் ஒரு கறுப்புப் பெட்டை, ஆறு வருஷமாகக் குஞ்சு இறக்கிக்கொண்டிருந்தவள். அவள் பெற்ற வெடைகளில் நல்ல மூன்றை அதற்கு முந்தின தீபாவளிக்குத்தான் விற்றிருந்தேன். அந்த வம்சம் என்னிடம் அத்தோடு முடிந்தது. சேவலை விற்றவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. தடுப்பூசி போடாததும், புதுக்கோழியைத் தனியே வைக்காததும் என் குற்றம்.

இங்கிலீஷில் ராணிக்கெட் என்று சொல்வது இந்த வெள்ளைக்கழிச்சலைத்தான். இந்தியாவில் முதலில் அடையாளம் கண்ட இமயமலை ஊரின் பெயர் அது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. வராமல் தடுக்க முடியும். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா அல்லது எஃப்-1 தடுப்பு மருந்து, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையின் தோலடியில் அரை மில்லி ஊசி. இடையில் இரண்டாம் வாரம் கம்போரோ நோய்க்கும், ஆறேழு வாரத்தில் அம்மைக்கும் போட்டுவிடுங்கள். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வெயிலில் பைக் பெட்டிக்குள் வந்த மருந்து வெறும் தண்ணீர். கால்நடைத் துறை பிப்ரவரி முதல் இரண்டு வாரம் இதற்கென்று இலவச முகாம் நடத்துகிறது. கோடைக்கு முன்னால் அது வருவதன் அர்த்தம், கோடையில்தான் இந்தச் சீக்கு ஊர் ஊராகப் பரவும் என்பதே. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம், நானும் கொடுக்கிறேன். அது தடுப்பூசிக்குத் துணை மட்டும்தான், மாற்று ஆகாது.

வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் 21 நாள் தனிப் பஞ்சாரம், தனித் தண்ணீர்ச் சட்டி. காலையில் பழைய கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகே புதுக்கோழியிடம் போக வேண்டும்.

கண்காட்சி

இங்கிலாந்தில் சேவல் சண்டையைச் சட்டம் தடுத்த பிறகுதான் கோழிக் கண்காட்சி தழைத்தது. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்குகளைச் சண்டைக்கு விடுவது குற்றம். கத்தி கட்டி விடுபவர்களுக்குச் சேவல் விற்காதீர்கள். வளர்த்த கையால் அதைச் செய்ய மனசு வரக்கூடாது.

கிளிமூக்கு விசிறிவால் கண்காட்சிகள் பெரும்பாலும் திண்டுக்கல் பக்கமும் கொங்கு நாட்டிலும் பொங்கலை ஒட்டி நடக்கின்றன. அங்கே சேவல் சண்டை போடுவதில்லை; நிற்கிறது, அவ்வளவுதான். கிளியைப் போல வளைந்து குட்டையான அலகு, விழியின் நிறம், கொண்டையின் அமைப்பு, நிமிர்ந்த கழுத்து, தரையைத் தொடும் வால், கால் நிற்கும் நேர்த்தி ஆகியவற்றைப் பார்த்து மதிப்பிடுவார்கள். பொங்கலுக்கு நடப்பதில் ஒரு வசதி இருக்கிறது. கோடை கழிந்து உதிர்ந்த இறகு மார்கழிக்குள் முழுசாக வளர்ந்துவிடும். ஆகையால் இறகு முளைக்கும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் புரதத்தைக் கூட்டிக் கொடுங்கள். முளைக்கும் இறகுக்குள் இரத்தம் ஓடும். அந்த நேரத்தில் சேவலைப் பிடித்து இழுத்தால் வால் கோணலாக வளரும்.

வாலைக் காப்பது இடத்தைப் பொறுத்தது. நாலடிக்கு நாலடி தனியறை, கீழே ஆற்று மணல், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வழவழப்பான உட்காரும் கட்டை. கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடியாவது இடைவெளி விடுங்கள். வால் சுவரில் உரசினால் இரண்டே வாரத்தில் நுனி பிய்ந்துபோகும். கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து தினமும் கையில் எடுத்து, மேஜைமேல் நிறுத்தி, அந்நிய ஆட்களைப் பக்கத்தில் வரச்சொல்லிப் பழக்குங்கள். பழகாத சேவல் நடுவர் முன்னால் குறுகி நிற்கும்; எவ்வளவு நல்ல வம்சமானாலும் பிரயோஜனமில்லை. மூன்று நாள் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, நிழலில் காயவிடுங்கள். பயணத்தில் தலைகீழாகத் தூக்காதீர்கள். ஆள் உட்காரும் சீட்டைப் போல, சேவலை வைத்த அட்டைப்பெட்டிக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

கண்காட்சியிலிருந்து திரும்பும் சேவலும் புதுக்கோழிதான். பரிசு வாங்கியிருந்தாலும் 21 நாள் தனியாக இருக்கட்டும்.

அங்கே ஒரு சபலம் வரும். உங்கள் சேவலுக்கு நீங்கள் கனவிலும் நினைக்காத விலையை ஒருவர் கேட்பார். அந்தச் சேவலின் குஞ்சுகள் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் கைகூப்பிவிட்டு வண்டியேறுங்கள்.

எப்போது, யாருக்கு

இந்த எல்லையில் விற்பவருக்கு மூன்று மொழிச் சந்தை. நாம் நாட்டுக்கோழி என்பதைக் கன்னடத்தில் நாட்டி கோளி என்பார்கள், தெலுங்கில் நாட்டு கோடி. அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கத்திலிருந்து சனிக்கிழமை வருபவருக்கு ராகிக்களிக்குச் சாறு வைக்கக் கிழடுதட்டாத சேவல் வேண்டும். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கோழி வாங்குவார்கள். சுத்தம் செய்து கொடுத்தால் விலை பேசமாட்டார்கள். முட்டைக்கு வீடு வீடாகக் கேட்கும் தாய்மார்கள் மாதம் முழுக்க வருவார்கள்.

நாள்காட்டியைச் சுவரில் மாட்டி, தமிழ், கன்னடம் இரண்டு பஞ்சாங்கமும் பாருங்கள். ஆடி பிறந்தால் நம் பக்கம் அம்மன் கோவில் பொங்கல், கிடா, சேவல் என்று அள்ளிப்போகும். ஆனால் ஆடி அமாவாசை தாண்டியதும் கர்நாடகத்தாருக்கு சிராவணம் பிறந்துவிடும்; பலர் கறி தொடமாட்டார்கள். நமக்குப் புரட்டாசி மந்தம், கார்த்திகையில் மாலை போடுபவர்களால் மந்தம். எல்லாவற்றையும் ஈடுகட்டுவது யுகாதிக்கு மறுநாள் வரும் வர்ஷதொடகு. அன்று கர்நாடகத்தில் கறி சமைக்காத அசைவ வீடு அபூர்வம். சிறுவிடை விற்பனைக்கு வர ஐந்து மாதம் ஆகும். யுகாதிக்கு விற்க ஐப்பசியிலேயே குஞ்சு இறங்கியிருக்க வேண்டும். அந்தக் குஞ்சுகள் மார்கழியைக் கடக்க வேண்டும். மேலே பல்பைப் பற்றி அத்தனை சொன்னது அதற்குத்தான். தீபாவளிக்கு வைகாசிக் குஞ்சு சரியாக இருக்கும்.

எடைக்கு விற்பதும் உருவத்துக்கு விற்பதும் வேறு வேறு. சேவல்களில் முக்கால்வாசியும், அடை கலைப்பவை, குஞ்சை மிதிப்பவை, கோணக்கால் எல்லாம் தராசுக்குப் போகட்டும். வம்சத்துக்கென்று கேட்டு வருபவருக்கு இரண்டாந்தரம் ஜோடியைக் கொடுங்கள். ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சீட்டுக்கே தனி மதிப்பு உண்டு.

குஞ்சு நாங்கள் தருகிறோம், வளர்த்துக் கொடுங்கள், மாதாமாதம் பணம் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். 2012-இல் ஈமு கோழியை நம்பிக் கொங்குப் பக்கம் எத்தனை குடும்பம் நகையை அடகுவைத்துத் தெருவுக்கு வந்தது என்பதை நாம் பார்த்தோம். பறவைக்காய்ச்சல் செய்தி வந்தால் ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கோழி ஏற்றுவதற்கு முன்னால் விசாரியுங்கள். 2025 தொடக்கத்தில் ஆந்திராவிலும் கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர்ப் பக்கமும் காய்ச்சல் கண்டபோது எல்லையில் கெடுபிடி இருந்தது. அந்த நேரத்தில் புதுக்கோழி வாங்கவே வாங்காதீர்கள்.

கடைசியாக, நோட்டுப் புத்தகம். சிறுவிடை ஒவ்வொன்றுக்கும் காலில் நிற வளையம் மாட்டுங்கள். வளையத்தின் நிறம், தாய் யார், எத்தனை முட்டை, எத்தனை இறக்கியது, எட்டு வாரத்தில் எத்தனை உயிரோடு, இவ்வளவு போதும். வருஷத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், அந்த நோட்டைப் பார்த்து முதல் மூன்று பெட்டைக்கும் ஒரு சேவலுக்கும் சிவப்பு வளையம் மாற்றுங்கள். சிவப்பு வளையம் என்றால் விற்பனைக்கு இல்லை. சேவலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊர்க்காரரோடு மாற்றிக்கொண்டால் நெருங்கிய இரத்தக்கலப்பு வராது.

போன மாசி மாதம் பாகலூர் ரோட்டிலிருந்து ஒருவர் மனைவி, பிள்ளையோடு வந்தார். வாசலில் நின்றவுடன் அவர் கண் போனது சிவப்பு வளையம் போட்ட சாம்பல் பெட்டைமேல்.

"அண்ணா, அந்தப் பெட்டையைக் கொடுங்கண்ணா. கேட்ட காசு தர்றேன்."

"அது இல்லப்பா. அதோட வெடை ரெண்டு இருக்கு. அதுல ஒண்ணு எடுத்துக்க."

அவருக்கு முகம் சுண்டிப்போனது. பையன்தான் வெடையைக் கையில் வாங்கி, நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தான், எங்கேயோ கற்றிருக்கிறான். வாங்கிப் போனார்கள். ஆவணியில் போன் வந்தது. ஒன்பது முட்டை வைத்தார்களாம், எட்டுக் குஞ்சு இறங்கியிருக்கிறதாம். நோட்டில் சாம்பல் பெட்டையின் பக்கத்தைத் திருப்பி, அதன் கீழே எழுதிவைத்தேன்: பாகலூர் ரோடு, வெடை, 9-க்கு 8.